லெஸ், ஃபியூவர்: ஒரு விருப்பம் விதியான வரலாறு

இங்கிலாந்தின் பெரும் பல்பொருள் அங்காடி நிறுவனமான டெஸ்கோ, 2008ஆம் ஆண்டில் தனது கடைகளில் தொங்கிய ஓர் அறிவிப்புப் பலகையின் வாசகத்தை மாற்ற முடிவு செய்தது. பத்துப் பொருள்களோ அதற்குக் குறைவாகவோ வாங்கியவர்கள் விரைவில் காசு செலுத்திச் செல்வதற்கென ஒதுக்கப்பட்ட வரிசையின் மேலே அந்தப் பலகை இருந்தது. 'டென் ஐட்டம்ஸ் ஓர் லெஸ்' என்பது அதன் வாசகம். எண்ணிச் சொல்லக்கூடிய பொருள்களுக்கு 'லெஸ்' என்ற சொல் பொருந்தாது, 'ஃபியூவர்' என்றே எழுதவேண்டும் என மொழித் தூய்மை பேணுவோர் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். நிறுவனம் இரண்டு சொற்களையுமே கைவிட்டது. எளிய ஆங்கிலத்துக்காக இயங்கும் அமைப்பொன்றின் யோசனையை ஏற்று, 'பத்துப் பொருள்கள் வரை' எனப் பொருள்படும் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்ற வாசகத்தைத் தேர்ந்தெடுத்தது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்களில் எத்தனையோ பேர் இத்தகைய பலகைகளின் கீழே கூடையுடன் நின்றிருப்பர். அந்த வாசகத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு பதினைந்து பொருள்களுடன் வரிசையில் நின்றவர் எவரும் இருந்திருக்கமாட்டார். பொருள் தெளிவாக இருந்தது. வாடிக்கையாளருக்குக் குழப்பம் இருக்கவில்லை. இருந்தும் ஒரு பெரு நிறுவனம் ஒரு சிறு சொல்லுக்காகத் தலை வணங்க நேர்ந்தது. அந்தச் சொல்லுக்கு இவ்வளவு அதிகாரத்தை வழங்கியவர் யார்? எப்போது வழங்கினார்? இந்தக் கேள்விகளுக்கான விடை மொழி வரலாற்றில் சுவையான ஓர் அத்தியாயம். நம்மைப் போன்று ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்ட மக்கள் அறிந்திருக்க வேண்டிய அத்தியாயமும் கூட.

நால்வகை அளவையும் இரண்டு சொற்களும்

முதலில் விதியைப் பார்ப்போம். தமிழ் இலக்கணம் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்துள்ளது. தேங்காயை எண்ணுகிறோம். சீனியை நிறுத்து எடுக்கிறோம். எண்ணெயை முகந்து அளக்கிறோம். துணியை நீட்டி அளக்கிறோம். இன்றைய ஆங்கிலப் பாடநூல்கள் கூறும் விதியை இந்தப் பகுப்பைக் கொண்டு ஒரே வரியில் விளக்கிவிடலாம். எண்ணல் அளவையில் குறைவைச் சொல்ல 'ஃபியூவர்', ஏனைய மூன்று அளவைகளிலும் 'லெஸ்'. தேங்காய் குறைந்தால் 'ஃபியூவர்', எண்ணெய் குறைந்தால் 'லெஸ்'.

தமிழில் இரண்டுக்கும் 'குறைவு' என்ற ஒரே சொல் போதுமானதாக உள்ளது. 'இம்முறை தேங்காய் குறைவு' என்கிறோம், 'எண்ணெய் குறைவு' என்றும் சொல்கிறோம். 'சில', 'சிறிது' என்ற வேறுபாடு நம்மிடம் உண்டு. சில தேங்காய், சிறிது எண்ணெய் என்பதே வழக்கு. எனினும், ஒன்றோடொன்றை ஒப்பிட்டுக் குறைவு சொல்லும் இடத்துக்கு வந்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அதனால் தமிழர் எண்ணத் தெரியாதவர்கள் ஆகிவிடவில்லை. தேங்காயா எண்ணெயா என்று பெயர்ச்சொல்லே சொல்லிவிடுவதால், 'குறைவு' அதை மீண்டும் சொல்லவேண்டிய தேவை எழவில்லை.

ஆங்கிலமும் தன் வரலாற்றின் மிகப் பெரும் பகுதியை இவ்வாறே கழித்தது என்பதுதான் பலர் அறியாத செய்தி.

ஆல்பிரட் மன்னன் காலத்து 'லெஸ்'

ஆங்கிலத்தின் மிகப் பழைய வடிவத்தில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட உரைநடை நூல்களுள் ஒன்று, உரோம மெய்யியலாளர் போயித்தியசின் நூலுக்கு ஆல்பிரட் மன்னன் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பு. ஆல்பிரட் 899ஆம் ஆண்டில் இறந்தார். அந்த மொழிபெயர்ப்பிலேயே சொற்களின் எண்ணிக்கை குறைவதைக் குறிக்க 'லெஸ்' என்பதன் பழைய வடிவம் பயன்பட்டுள்ளது. சொற்கள் எண்ணக்கூடியவை. இன்றைய விதியின்படி அங்கே 'ஃபியூவர்' வந்திருக்கவேண்டும். ஆங்கில உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் மன்னனின் பெயர் தாங்கிய நூலிலேயே விதி மீறப்பட்டிருக்கிறது. விதியே அப்போது பிறந்திருக்கவில்லை என்று சொல்வதுதான் முறையாகும்.

இதற்கு இலக்கணக் காரணமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'லெஸ்' பெயர்ச்சொல்லைப் போல நின்று, அதனுடன் வரும் சொல் நமது ஆறாம் வேற்றுமையை ஒத்த உருபை ஏற்றது. 'சொற்களின் குறைந்த அளவு' என்பது போன்ற அமைப்பு அது. காலப்போக்கில் ஆங்கிலம் தனது வேற்றுமை உருபுகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. உருபு தேய்ந்து மறைந்ததும் 'குறைந்த சொற்கள்' என்ற நேரடித் தொடர் எஞ்சியது. இன்று பிழையெனத் திருத்தப்படும் வழக்கு இவ்வாறு இயல்பாகவே உருவானது. அதன் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

'ஃபியூ' என்ற சொல்லும் பழமையானதே. இலத்தீனில் 'சில' எனப் பொருள்படும் 'பௌக்குஸ்' என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழியியலாளர். 'ஃபியூவர்' அதன் ஒப்பீட்டு வடிவம். எண்ணிக்கையைத் தவிர வேறொன்றையும் அது குறித்ததில்லை. ஆக, பழைய நிலைமை இதுதான்: 'ஃபியூவர்' எண்ணிக்கைக்கு மட்டும் உரியது, 'லெஸ்' இரண்டுக்கும் பொதுவானது. பேசுவோர் தம் விருப்பப்படி எதையும் எடுத்துக்கொண்டனர். அதனால் எவருக்கும் இழுக்கு நேரவில்லை.

இங்கே இன்னொரு வேடிக்கையையும் குறிப்பிடவேண்டும். குறைவின் எதிர்ப்பக்கமான மிகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. எண்ணிக்கையின் மிகுதிக்கு 'மோ', அளவின் மிகுதிக்கு 'மோர்'. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 'மோ' உண்டு. 1611ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மன்னனின் ஆணைப்படி வெளியான விவிலிய மொழிபெயர்ப்பின் முதற் பதிப்பிலும் அது உண்டு. அதன்பின் அந்தச் சொல் வழக்கொழிந்தது. இன்று தேங்காய் மிகுந்தாலும் 'மோர்', எண்ணெய் மிகுந்தாலும் 'மோர்'. 'மோ' இறந்ததற்காக இன்று கண்ணீர் வடிப்பார் இல்லை. எண்ணலையும் அளத்தலையும் ஆங்கிலேயர் குழப்பிவிட்டனர் என்று புலம்புவாரும் இல்லை. மிகுதியின் பக்கத்தில் தானாக வளர்ந்திருந்த வேறுபாட்டை எந்தத் துயரமும் இன்றிக் கைவிட்ட மொழிச் சமூகம், குறைவின் பக்கத்தில் முன்பில்லாத வேறுபாடு ஒன்றைச் சட்டமாக்கி, அதைக் கல்வியின் அடையாளமாகவும் ஆக்கிக்கொண்டது.

1770: ஒருவர் தம் விருப்பத்தைச் சொன்னார்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இலக்கண நூல்களின் காலம். வணிகம் பெருகி, புதிய நடுத்தர வகுப்பு எழுந்தது. பணம் கையில் சேர்ந்தவர்கள் பரம்பரைக் கனவான்களைப் போலப் பேசவும் எழுதவும் விரும்பினர். எது சரி, எது பிழை என்று சொல்லித்தரும் நூல்களுக்குச் சந்தை உருவானது. பிரான்சில் 1635ஆம் ஆண்டிலேயே மொழிக்கென ஒரு கழகம் நிறுவப்பட்டிருந்தது. ஆங்கிலத்துக்கும் அவ்வாறான ஒன்று வேண்டும் என ஜொனதன் சுவிப்ட் 1712ஆம் ஆண்டில் எழுதினார். அது நிறைவேறவில்லை. அந்த வெற்றிடத்தைத் தனி மனிதர்கள் நிரப்பினர். சாமுவேல் ஜோன்சனின் அகராதி 1755இல் வந்தது. ரொபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூல் 1762இல் வெளியானது.

இந்த வரிசையில், 1770ஆம் ஆண்டில், ரொபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றிய தம் சிந்தனைகளை ஒரு நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு மொழியின் நல்வழக்குப் பற்றி வோஷ்லா 17ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலே அதற்கு முன்மாதிரி. வழக்கிலுள்ள தொடர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது நன்று, இது அன்று எனக் கருத்துரைப்பது பேக்கரின் முறை. அவ்வாறு அவர் எடுத்துக்கொண்டவற்றுள் 'லெஸ்' ஒன்று. இந்தச் சொல் எண்ணிக்கையைக் குறிக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது. அவ்விடத்தில் 'ஃபியூவர்' மேலானது என்று தாம் எண்ணுவதாக அவர் எழுதினார். நூறு என்ற எண்ணை உதாரணமாகக் காட்டி, நூற்றுக்குக் குறையாமல் என்று சொல்ல 'ஃபியூவர்' கூடுதல் நயமும் கூடுதல் பொருத்தமும் உடையது என்றார்.

இதில் இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியன. ஒன்று, எண்ணிக்கைக்கு 'லெஸ்' சொல்வதே தம் காலத்தில் பெருவழக்கு என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். மற்றையது, அவர் கட்டளையிடவில்லை. தமக்கு அவ்வாறு தோன்றுகிறது என்றார். ஒரு வாசகரின் காதுக்கு எது இனிமையாகப் பட்டது என்ற அளவிலேயே அந்தக் குறிப்பு நின்றது.

பேக்கர் யார் என்பதும் அறியத்தக்கது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், ஆயரும் அல்லர். தாம் 15 வயதில் பள்ளியை விட்டவர், கிரேக்கம் அறியாதவர், இலத்தீனும் சிறிதளவே அறிந்தவர், சொந்தமாக நூல்கள் வைத்திராதவர் என்று தம்மைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மை போற்றத்தக்கது. ஒரு மொழியைப் பற்றிக் கருத்துரைக்கப் பட்டங்கள் தேவையில்லை என்பதும் உண்மையே. ஆனால், 15 வயதில் பள்ளியை விட்ட ஒருவரின் காதுச் சுவை, பிற்காலத்தில் பிறருடைய கல்வியை எடைபோடும் தராசாக மாறியது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

விருப்பம் கட்டளையாயிற்று

அடுத்து வந்தோர் பேக்கரின் தயக்கத்தைக் கழித்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொண்டனர். 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தம் மாணவர்களுக்காக எழுதிய எழுத்து நடைக் கையேட்டில், 'ஃபியூவர்' வரவேண்டிய இடத்தில் 'லெஸ்' வரலாகாது என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். 1959இல் எழுத்தாளர் ஈ.பி. வைட் அதை விரிவாக்கி வெளியிட்டார். உலகெங்கும் பல இலட்சம் பிரதிகள் விற்பனையாகி, எழுதக் கற்போரின் மேசைகளில் அது இடம்பிடித்தது. 148 ஆண்டுகளில் ஒரு தனி மனிதரின் விருப்பம் வகுப்பறைக் கட்டளையாக வளர்ந்துவிட்டது.

அதே ஸ்ட்ரங்க், நூறு போன்ற முழு எண்ணோடு வரும்போது 'லெஸ்' சரியானதே என ஒரு விலக்கையும் அளித்தார். மனுவில் கையொப்பமிட்டோர் நூற்றுக்குக் குறைவு என்னும்போது, நூறு என்பது ஒரு தொகுதியாகவே எண்ணப்படுகிறது என்பது அவர் தந்த விளக்கம். பேக்கர் 'ஃபியூவர்' வேண்டும் என்று வாதிட எடுத்துக்கொண்டதும் இதே நூறுதான்! விதியைத் தொடங்கியவரும் விதியைப் பரப்பியவரும் ஒரே உதாரணத்தில் எதிரெதிர்த் திசைகளில் நின்றனர்.

விலக்குகள் இத்துடன் முடியவில்லை. மைல்களை எண்ணலாம், பவுண்களை எண்ணலாம், ஆண்டுகளையும் எண்ணலாம். எனினும், பத்து மைலுக்குக் குறைவு, ஐம்பது பவுணுக்குக் குறைவு, மூன்று ஆண்டுகளுக்குக் குறைவு என்பவற்றுக்கெல்லாம் 'லெஸ்' என்பதே ஆங்கில வழக்கு. தூரம், பணம், காலம் என்பன அளவாகக் கொள்ளப்படுகின்றன என்று காரணம் கூறுவர். தூய எண்களைக் கையாளும் கணிதத்திலும் இதே கதைதான். ஐந்து ஆறைவிடச் சிறியது என்பதைக் குறிக்கும் கூர்முனைக் குறியீடு, தோமஸ் ஹாரியட் இறந்த பின்னர் 1631ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலில் அச்சேறியது. அந்தக் குறியீட்டை ஆங்கிலத்தில் 'லெஸ் தான்' என்றே வாசிக்கின்றனர். எண்ணிக்கைக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல் என்ற விதி, எண்ணின் சொந்த வீட்டிலேயே செல்லுபடியாவதில்லை.

இந்த விதியால் பயனே இல்லை என்று நான் வாதிடவரவில்லை. 'தகுதி குறைந்த ஆசிரியர்கள்' என்பதும் 'தகுதியுள்ள ஆசிரியர்கள் குறைவு' என்பதும் வெவ்வேறு குறைகள். ஆங்கிலத்தில் 'லெஸ் குவாலிஃபைட் டீச்சர்ஸ்' என்றால் இரண்டில் எது என்ற ஐயம் எழலாம். 'ஃபியூவர்' என்றதும் எண்ணிக்கை குறைந்த செய்தி ஐயமின்றித் துலங்குகிறது. இத்தகைய இடங்களில் அந்தச் சொல் தன் கூலிக்கு உழைக்கிறது. அச்சில் எழுதுவோர் அதைப் பேணுவதில் தவறில்லை. அங்காடிப் பலகையில் அத்தகைய ஐயம் எதுவும் இருக்கவில்லை என்பதே எனது வாதம்.

உயிர்களை மாற்றும் ஓர் எழுத்து

சிறு தொகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. 'ஃபியூ' என்பதற்கும் 'எ ஃபியூ' என்பதற்கும் இடையில் இருக்கிறது. முன்னால் நிற்கும் அந்த ஓரெழுத்துச் சொல் இல்லாதபோது, 'மிகச் சிலரே, ஏறத்தாழ எவரும் இல்லை' என்ற இன்மையின் தொனி எழுகிறது. அது வந்ததும், 'சிலர் இருக்கிறார்கள்' என்ற இருப்பின் தொனி எழுகிறது. எண் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று வெறுங்கையைக் காட்டுகிறது, மற்றையது கையிலிருப்பதைக் காட்டுகிறது. 'லிட்டில்' என்பதற்கும் 'எ லிட்டில்' என்பதற்கும் இதே உறவுதான்.

இந்த வேறுபாட்டை ஒரு தனி மனிதர் விதித்ததாகச் சரித்திரம் இல்லை. மத்திய கால ஆங்கிலத்திலிருந்தே மக்கள் நாவில் வளர்ந்து நிலைபெற்றது அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே அதைக் கற்றுவிடுகிறது. இதை மீறுவோரைக் கண்டித்து அங்கே எவரும் கடிதம் எழுதுவதில்லை. மீறுவோரே அரிது. மூன்றாவது வடிவமும் ஒன்று உண்டு. 1940 ஆகஸ்ட் 20இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வின்ஸ்ரன் சேர்ச்சில் ஆற்றிய உரைக்குப் பின்னர், ஜேர்மனியின் வான்படையை எதிர்த்துப் போரிட்ட விமானிகளையும் விமானப் படையினரையும் 'த ஃபியூ' என்றே அந்நாடு அழைக்கலாயிற்று. 3,000க்குச் சற்றுக் குறைவான அவர்களிடையே போலந்து, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். முன்னொட்டு இல்லையேல் இன்மை, 'எ' வந்தால் இருப்பு, 'த' வந்தால் பெருமை. ஒரே சொல் இப்படி மூன்று வேடம் தரிக்கிறது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த 1990களின் முற்பகுதியில், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் செய்திகளைத் தமிழாக்குவதே இளம் உதவி ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் முதற் பணி. ஆசிரிய பீடத்திலிருந்த மூத்தவர் ஒருவர், "தம்பி, முதலில் அந்த 'எ' இருக்கா இல்லையா எண்டு பாரும். பிறகு பேனையைத் திறவும்" என்பார். விபத்து, வெள்ளம், குண்டுவெடிப்பு என்று எந்தச் செய்தியானாலும் அவருடைய விரல் முதலில் அந்த இடத்துக்கே செல்லும். இரண்டு தொடர்களுக்கும் 'சிலர்' என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கத்தை அவர் அனுமதித்ததில்லை.

அதன் காரணம் 2004 டிசம்பர் 26இல் எல்லோருக்கும் விளங்கியது. அன்று இலங்கைக் கரைகளை ஆழிப்பேரலை தாக்கியது. 30,000க்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டனர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் உறவுகளைக் கொண்டவர்கள் உலகின் மறுகோடியிலிருந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் ஒரு கிராமத்தைப் பற்றி 'சிலர் தப்பினர்' என்று எழுதுவது ஒன்று, 'சிலரே தப்பினர்' என்று எழுதுவது முற்றிலும் வேறொன்று. முதலாவது, தேடிப் பார் என்கிறது. இரண்டாவது, மனத்தைத் தேற்றிக்கொள் என்கிறது.

ஆங்கிலம் ஓரெழுத்தைச் சேர்த்து நம்பிக்கையைத் தருகிறது. தமிழ் ஓரெழுத்தைச் சேர்த்து நம்பிக்கையைக் குறைக்கிறது. நமது ஏகாரம் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருளில் வரும் என்பது நன்னூலின் கணக்கு. 'சிலரே' என்பதில் நிற்பது பிரிநிலை ஏகாரம். தப்பிய சிலரை, தப்பாத பலரிடமிருந்து அது பிரித்து நிறுத்துகிறது. சொல்லப்படாத பலரும் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றனர். இதுவல்லவா கற்றுத்தர வேண்டிய வேறுபாடு!

வாளின் கூர்

ஆனால், நடைமுறையில் மனிதரை மட்டந்தட்டப் பயன்படுவது 'லெஸ்', 'ஃபியூவர்' போன்ற வேறுபாடுகளே. இலங்கையில் ஆங்கிலம் எப்போதும் ஒரு மொழி என்ற அளவோடு நின்றதில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வழியாக உயர்கல்வி அளித்தனர். 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின்னர் அரச உத்தியோகத்தின் வாயிற்கதவாக ஆங்கிலம் ஆயிற்று. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தமிழை ஒதுக்கியது. ஆங்கிலத்தையும் அரச மொழி என்ற ஆசனத்திலிருந்து இறக்கியது. ஆயினும், தனியார் துறையிலும் நேர்முகத் தேர்வு அறைகளிலும் ஆங்கிலத்தின் ஆட்சி தொடர்ந்தது. பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'கடுவ'. வாள் என்பது அதன் பொருள். அந்த வாளுக்கு நாமும் கழுத்தை நீட்டியவர்களே.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர், வன்னியில் பணியாற்ற ஆள் தேடிய ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்கு எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சென்றார். மீள்குடியேறிய நான்கு கிராமங்களில் எத்தனை கிணறுகள் உள்ளன, அவற்றில் எத்தனை துப்புரவு செய்யப்படவேண்டும் என்று விரல்நுனியில் வைத்திருந்தவர் அவர். போருக்கு முன்னிருந்ததைவிடக் கிணறுகள் குறைந்துவிட்டன என்று சொல்ல 'லெஸ் வெல்ஸ்' என்றார். எதிரே அமர்ந்திருந்தவர் புன்னகையுடன் 'ஃபியூவர்' என்று திருத்தினார். அதன்பின் அந்த இளைஞர் தமக்குத் தெரிந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் என்ன பிழை வருமோ என்ற அச்சத்தில் ஒற்றைச் சொற்களில் பதிலளித்துவிட்டு எழுந்துவந்தார். கிணறுகள் எத்தனை என்ற விபரம் அந்த அறையில் எவருக்கும் கிடைக்கவில்லை. 'ஃபியூவர்' மட்டும் கிடைத்தது.

திருத்தியவர் தீயவர் அல்லர். தாம் கற்றதை உண்மையென நம்பியவர். அந்த விதி 1770இல் ஒருவருக்குத் தோன்றிய எண்ணம் என்பதும், அதற்கு முன்னைய பல நூற்றாண்டுகளாக ஆங்கிலேயர் அந்த இளைஞரைப் போலவே பேசினர் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் அவரது புன்னகை சற்றுச் சுருங்கியிருக்கும். இளைஞருக்குத் தெரிந்திருந்தால் கிணறுகளைப் பற்றித் தொடர்ந்து பேசியிருப்பார். மொழி வரலாற்றைக் கற்பதன் பயன் இதுவே என நான் கருதுகிறேன். விதியின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தவனுக்கு விதி மீதான மதிப்பு இருக்கலாம், அச்சம் இருக்காது.

நம் வீட்டு வாள்

ஆங்கிலேயரை நோக்கி விரலை நீட்டும்போது நமது தமிழையும் பார்த்துக்கொள்வது நல்லது. 'பாடசாலைக்கு அருகாமையில்' என்று ஒரு செய்தியில் எழுதினால் மறுநாளே கண்டனக் கடிதம் வரும். அருகுதல் என்றால் குறைதல், ஆகவே அருகாமை என்றால் குறையாமை, அதை அண்மை என்ற பொருளில் ஆள்வது பிழை என்பது கடிதத்தின் சாரம். இலக்கணப்படி அது முறையான வாதமே. நானும் 'அருகில்' என்றே எழுதுகிறேன். ஆயினும், 'அருகாமையில்' என்று சொன்ன ஒரு தாயின் பேச்சைக் கேட்டுப் பாடசாலை எங்கே என்று தெரியாமல் திகைத்த தமிழர் எவரும் இல்லை. எழுதுபவன் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது. பேசுபவரை நிறுத்திவைத்துப் புகட்டவேண்டிய பாடமன்று.

புலம்பெயர்ந்த நாடுகளில் இந்த வாள் இரு பக்கமும் வெட்டுகிறது. பெற்றோரின் ஆங்கிலத்தைப் பிள்ளைகள் திருத்துகின்றனர், பிள்ளைகளின் தமிழைப் பெற்றோர் திருத்துகின்றனர். ஒரு கட்டத்தில் இரு சாராரும் பேச்சைக் குறைத்துக்கொள்கின்றனர். அங்கே குறைவது சொற்களின் எண்ணிக்கையா, உறவின் அளவா, 'ஃபியூவர்' என்பதா, 'லெஸ்' என்பதா என்று விவாதிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

ஆகவே, பரீட்சைக்கு எழுதும் மாணவர்களும், ஆங்கிலத்தில் விண்ணப்பமோ கட்டுரையோ எழுதுவோரும் விதியைப் பின்பற்றுங்கள். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்' எழுதுங்கள். வாசிப்பவர் எதிர்பார்ப்பதைக் கொடுப்பது தொழில் ஒழுக்கம். செய்தி எழுதவரும் இளையோர் 'ஃபியூ' என்பதன் முன்னால் 'எ' உள்ளதா என்று இருமுறை பாருங்கள். 'சிலர்' என்பதா 'சிலரே' என்பதா என்று தீர்மானித்த பின்னரே எழுதுங்கள். அங்கே பிழை விட்டால் செய்தி பொய்யாகிவிடும்.

வாய்திறந்து பேசும் ஒருவரைத் திருத்த நேரும்போது மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் சொன்னது விளங்கியதா, இல்லையா? விளங்கவில்லையென்றால் கேளுங்கள். விளங்கியதென்றால் கிணறுகள் எத்தனை என்று கேளுங்கள்.